ஒற்றைச் சில்லுக் கண்ணாடி

என் பெண்டாட்டியின் முகத்தை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில். அதற்கு முன்பே பெண் பார்த்திருந்தேன், நிச்சயம் செய்திருந்தேன், தாலியும் கட்டியிருந்தேன். எல்லாம் உத்தேசமாகத்தான்.

எனக்குக் கிட்டப்பார்வை. "கண்ணாடியோட வந்தா மாப்பிள்ள கெழவன்னு நெனைப்பாங்க, கழட்டிப் பைல வெய்" என்று நைனா சொல்லிவிட்டார். புத்தூரில் பெண் வீடு. பச்சையாக ஒன்று உள்ளேயிருந்து வந்தது, காப்பி கொடுத்தது, போய்விட்டது. பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பச்சை எனக்குப் பிடித்த நிறம், பிடித்திருக்கிறது என்றேன். மூன்றாம் நாள் காலையில் மாடத்தில் கையை விட்டுத் துழாவி, கிடைத்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். சுவர் வளைந்தது. உத்தரம் என்மேல் வருவது போல இருந்தது. "அது என்னுது" என்றது ஒரு குரல். அவளுக்கும் அவள் அம்மா அதையேதான் சொல்லியிருந்தாளாம். எனக்கு இருக்கிற பவரைப்போல இரண்டு மடங்கு அவளுக்கு. பெண் பார்த்த அன்றைக்கு அவள் பார்த்தது வெள்ளையாக ஒன்றை. அதை என் வேட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கூத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனிச் சொல்லப்போகிற மனிதர் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலைச் சொல்லும்போது, இவன் பேச்சைப் பாதிதான் நம்பவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் நகரி. வீட்டில் தறி. இழை அறுந்தால் என் கண்ணுக்குத் தெரியாது என்பதால் படிக்க அனுப்பிவிட்டார்கள். நான் சொல்லவந்த மனிதரும் அதே ஆபீஸ், ரிக்கார்டு ரூமில். பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். அப்பா புடவை கட்டியதை அவர்கள் வெளியே சொல்லிக்கொள்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது.

ஆபீஸ் ஆட்களாகச் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். அவர் கதாநாயகி. நான் பபூன். ஆந்திர ராஜ்யம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. தமிழில் நாடகம் போட்டால் அவர்களுக்குக் கோபம், தெலுங்கில் போட்டால் எங்களுக்குக் கோபம். அதனால் ஆபீஸர் ஒரு சமாதானம் செய்து வைத்தார். ஒரே நாடகம், சித்தூரில் தமிழ், திருப்பதியில் தெலுங்கு. எங்கள் கதாநாயகி தமிழில் அழுதால் சித்தூர் அழுதது. தெலுங்கில் அழுதால் திருப்பதி அழுதது. என் ஜோக்குகள் மட்டும் பஸ் புத்தலப்பட்டைத் தாண்டும்போதே செத்துவிடும். திருப்பதியில் முன்வரிசை முழுக்க மொட்டைத்தலை. மேடையில் கண்ணாடி போடக்கூடாது என்பதால் எனக்கு அது பானைக்கடை மாதிரி தெரியும். பானைகளும் சிரிக்காது.

அவர் ஒருமுறை எனக்கு யோசனை சொன்னார். அவர் பேசினால் மூக்குக்கு மூக்கு ஒரு ஜாண்தான் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் வந்தால்தான் அவருக்கு ஆளே தெரியும். வந்துவிட்டால் மயிர்க்கால் வரைக்கும் தெரியும். ஆபீஸருக்கே, "சார், எடது காதாண்ட பவுடர் திட்டா நிக்குது" என்று சொல்லித் துடைத்துவிடுவார். என்னிடம் சொன்னது இது: "தம்பி, நீ ஜோக்கு சொன்ன உடனே ஜனங்கள பாக்கிற, சிரிக்கிறாங்களான்னு. பாக்காத. சொல்லிட்டுப் போய்க்கினே இரு."

"கண்ணாடி இல்லாம நான் எங்கண்ணா பாக்கிறது?" என்றேன்.

"கண்ணால பாக்கல. மூஞ்சியால பாக்கிற."

சரியான யோசனை. அதனால் அதை நான் கேட்கவில்லை.

மேக்கப் போட வேலூரிலிருந்து ஓர் ஆள் வருவான். எங்கள் எல்லோருக்கும் அரிதாரம் அவன் கையால்தான். பபூனுக்கு அதிகம் யோசிக்கமாட்டான், முகம் முழுக்க வெள்ளை, மூக்கில் சிவப்பு, கன்னத்தில் நாலு கரிப் புள்ளி. அவர் மட்டும் அவனைத் தொடவிடமாட்டார். "அவன் பூசினா அவனுக்குத் தெரிஞ்ச மூஞ்சி வருது. எனக்கு என் மூஞ்சி வேணும்" என்பார்.

அதில் இருக்கிற கஷ்டம் கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் கண் எங்கே, புருவம் எங்கே என்று தெரியாது. தெரியவேண்டும் என்றால் மூக்கு அதில் இடிக்கிற அளவு நெருங்கவேண்டும். நெருங்கினால் கைக்கு இடமில்லை, மூச்சுப்பட்டு மங்கியும் போகும். சரி, போட்டுக்கொண்டே மை வைக்கலாம் என்றால் சில்லு குறுக்கே நிற்கிறது. அவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய பிரேம் ஒன்று, அதில் ஒரு சில்லு மட்டும். இன்னொரு பக்கம் வெறும் வளையம். காதில் மாட்டுகிற கொக்கிகளை நிமிர்த்தி, நுனியில் நாடா கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்துகொள்வார். வலது கண் சில்லு வழியாகப் பார்க்கும், இடது கண்ணுக்கு வளையத்துக்குள் கையை விட்டு மை இழுப்பார். முடிந்ததும் நாடாவை அவிழ்த்து, பிரேமை அப்படியே தலைகீழாகத் திருப்புவார். இப்போது சில்லு இடது கண்ணுக்கு வந்துவிடும். வலது பக்கம் வளையம். அவ்வளவுதான். இதை நானும் யோசித்திருக்கலாம். எனக்கும் கண்ணாடி உண்டு, தலை உண்டு. யோசிக்கவில்லை என்பதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. என்னை அல்ல, அவரை.

அந்த அரைமணி நேரம் யாரும் பேசக்கூடாது. ஹார்மோனியக்காரர்கூட வெளியே போய்விடுவார். நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் அந்த முகம் ரிக்கார்டு ரூம் முகமாக இருக்கும், தூசி தட்டினால் போய்விடும் போல. ஒரு கண் முடிந்ததும் பாதி முகம் வேறு ஆளாகும். மறுகண் முடிந்ததும் அவரை "அண்ணா" என்று கூப்பிட வாய் வராது.

ஒரு வருஷம் சித்தூர் நாடகத்துக்கு என் சம்சாரம் வந்தாள், இரண்டு வயசுப் பெண் குழந்தையையும் தூக்கிக்கொண்டு. கல்யாணமான பிறகு அவள் பார்த்த முதல் நாடகம். மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"இன்னா, நாடகம் எப்பிடி?"

"நல்லா இருந்திச்சி."

"நான்?"

"நீங்களுந்தான். அந்தப் பொம்பள யாருங்க? எந்த ஊரு?"

"பொம்பளயா! எங்க ரிக்கார்டு ரூம் ஆளு."

"பொய் சொல்லாதீங்க. கண்ணுல மை எத்தினி நேரா இருந்திச்சி! நான் முன்னாலதான் உக்காந்துகினு இருந்தேன்."

"மீச வழிச்ச ஆம்பள. உன் நம்பர்தான் இருக்கும் அவருக்கும். கண்ணாடியக் கழட்டினா கதவுன்னு நெனைச்சி பீரோவத் தெறப்பாரு."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ எப்பிடி வெக்கிறாரு?"

கண்ணாடி வந்த நாளிலிருந்து அவள் தன் கையால் மை வைத்துக்கொண்டதில்லை. புத்தூரில் இருந்தவரை அவள் அக்கா வைத்துவிடுவாள். சித்தூரில் வீட்டுக்காரம்மா, மனசு வந்தால். "கழட்டினா கண்ணு எங்க இருக்குதுன்னு தெரியாது, போட்டுக்கினா வெரலு உள்ள போவாது. யாராண்டயாவது போயி மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கணும், பாப்பாவாட்டம்" என்று சொன்னாள். எனக்கு இது அதுவரை தெரியாது. மை வைத்துக்கொள்ளப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் தம்பிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் அந்த வித்தையைக் கேட்டு வரச்சொன்னாள். வித்தை எனக்கே தெரியும், அந்த அரைமணி நேரமும் மூலையில் உட்கார்ந்து பார்த்தவன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பெருமையை என் வாயால் சொன்னதாகிவிடும். "கேட்டுப் பாக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

தினமும் கேட்டீங்களா, கேட்டீங்களா என்று நச்சரித்ததால் கடைசியில் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உன் சம்சாரமா கேட்டாங்க? பழைய கண்ணாடி ஏதாச்சும் இருக்குதா அவங்களுக்கு?"

இருந்தது. குழாயடியில் விழுந்து ஒரு சில்லு விரிசல் விட்ட ஜோடி. கொண்டுபோய்க் கொடுத்தேன். விரிசல் விட்ட சில்லைக் கழற்றி, வளையத்தை அரம் போட்டுத் தேய்த்து, கொக்கியை நிமிர்த்தி, மெரூன் நாடா கட்டி, நாலாம் நாள் ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, பாடமும் சேர்த்துக் கொடுத்தார்.

"நம்ம மாதிரி பவர்ல கண்ணாடி போட்டா கண்ணு சின்னதாத் தெரியும். அதனால மைய ஒரு நூலு வெளிய தள்ளி இழுக்கச் சொல்லு. மூக்குமேல கண்ணாடி உக்கார்ற எடத்துல பவுடர் வெக்கக்கூடாது, சறுக்கும். மொதல்ல சோத்துக் கை பக்கத்துக் கண்ண முடிக்கக்கூடாது, கஷ்டமான பக்கத்த மொதல்ல முடிச்சிடணும். எங்க, திருப்பிச் சொல்லு."

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திருப்பிச் சொன்னேன். வீட்டை நோக்கி நடந்தேன். பஜார் தெரு முனை வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது அவள் சொல்லப்போகிறதெல்லாம் என் காதில் விழுந்தது. நாடா கட்டியிருக்கிற அழகைப் பாருங்க. எத்தினி பொறும அவருக்கு. நாலு நாளு நமக்காக ஒக்காந்தாரே. நான் பெண்டாட்டிக்கு அதுவரை வாங்கிக் கொடுத்த எதற்கும் நாடா கட்டியதில்லை. திரும்பி ஆபீஸுக்குப் போய் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

திருடவேண்டும் என்று எண்ணமில்லை. நானே பழகிக்கொண்டு, நானே கண்டுபிடித்த வித்தை மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று திட்டம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனதும் நாடாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பவர் எனக்கு ஒத்துவரவில்லை. கை ஒரு பக்கம் போனால் கண் வேறு பக்கம் இருந்தது. எரித்த தீக்குச்சியைக் கொண்டு என் கண்ணையே குத்திக்கொண்டேன். ஆபீஸர் உள்ளே வந்தபோது நாடாவை மட்டும்தான் அவிழ்க்க முடிந்தது.

"ஏமய்யா, கன்னு இன்த எர்ரகா உந்தி?" என்று கேட்டார்.

கண் இவ்வளவு சிவந்திருக்கிறதே என்று கேட்டவருக்கு மெட்ராஸ் ஐ என்று சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போனார். ராஜ்யம் பிரிந்தும் இந்த மெட்ராஸ் மட்டும் போகவில்லையா என்று தெலுங்கில் திட்டிவிட்டு மூன்று நாள் லீவு கொடுத்தார். என் வாழ்க்கையில் ஆபீஸே சிரித்த ஜோக்கு அது ஒன்றுதான், அதையும் சொன்னவர் ஆபீஸர்.

வீட்டில் என் சம்சாரம் விளக்கெண்ணெய் விட்டாள். விட்டுக்கொண்டே, "அண்ணா அந்தக் கண்ணாடியக் குடுத்தாரா?" என்று கேட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்வது சுலபம்.

"தொலைச்சிட்டாராம்" என்றேன்.

அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு, "பாவம், வேல ஜாஸ்தி இருக்கும். நமக்காகச் செய்யணும்னு நெனைச்சாரே, அதுவே பெருசு" என்றாள்.

செய்தாலும் அவருக்குப் பெருமை, தொலைத்தாலும் அவருக்குப் பெருமை. இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

தம்பி கல்யாணத்துக்குப் புத்தூர் போனோம். அவள் அக்கா பத்துப்பேருக்குச் சடை பின்னிக்கொண்டே இவளுக்கும் மை வைத்தாள். ஒரு கண்ணுக்குப் பெரிதாக, ஒரு கண்ணுக்கு அவசரமாக. "ஆடாத நில்லு, குருட்டுக் கோழி" என்று அக்கா சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். வேர்த்ததில் மை கன்னத்துக்கு இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. போட்டோக்காரர் வெளிச்சம் அடிக்கிறது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். படம் சித்தூருக்குத் தபாலில் வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறாள், கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு. படத்தை ஒரு ஜாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். டிரங்குப் பெட்டியில் அடிப்புடவைக்குக் கீழே குப்புற வைத்தாள். அன்றைக்காவது டிராயரைத் திறந்திருக்கவேண்டும். தாமதமாகக் கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பாளே என்று இன்னும் தாமதம் செய்தேன்.

அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கு, நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் இந்தப் பக்கமே. ஆபீஸில் பாதிப்பேர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிராமப் பட்டியல்களை நகல் எடுத்தோம். அவர் ஊர் அந்தப் பக்கம். அவரும் அந்தப் பக்கமே வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, ஒரு தாலுகா போனாலும் பரவாயில்லை, இவர் போகிறாரே என்று இருந்தது எனக்கு. அந்த ஒப்பந்தத்தில் மனசு நிறைந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருக்கவேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. "தம்பி வூட்ட பாக்காமப் போனா நல்லா இருக்காது" என்று பாப்பாவுக்குப் பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். என் சம்சாரம் உட்காரவைத்துச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. அவர் சாப்பிட்டார். நான் ஒரு பருக்கையை நாலாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கண்ணாடி சரியா இருக்குதாம்மா? நாடா நீளமாச்சேன்னு நெனைச்சிக்கினே இருந்தேன்" என்று கேட்டார்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என் பக்கம் திரும்பினாள். பிறகு ஊற்றி முடித்தாள்.

"சரியா இருக்குதுண்ணா."

"மொதல்ல எந்தக் கண்ணு வெக்கிறே?"

அவளுக்கு என்ன தெரியும்? நான் தலை நிமிரவில்லை. "ரெண்டும் நல்லா வருதுண்ணா" என்றாள்.

அவர் கை கழுவ எழுந்தவர், வழக்கம்போல ஒரு ஜாண் கிட்டத்தில் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வெக்கல?"

"அடுப்பு வேலைண்ணா. வேர்க்குது."

"வெச்சிக்கம்மா. தெனம் வெச்சாதான் கை பழகும்" என்றார். பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். தெருமுனையில் ஒரு தபால் பெட்டியை யாரோ ஆள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டதை இங்கிருந்தே பார்த்தேன். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"எங்க?"

"ஆபீஸ்ல."

"போயி எடுத்தாங்க."

"இன்னிக்கு லீவு."

"வாச்மேன் இருப்பான்."

போனேன். காகிதத்தைக்கூடப் பிரிக்காதவன் போல, கசங்கினதை நீவிச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாடாவை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். அவர் சொன்ன மூன்று பாடத்தையும் வரிசையாக ஒப்பித்தேன். ஒரு நூல் வெளியே. மூக்கில் பவுடர் கூடாது. கஷ்டமான பக்கம் முதலில். அவள் அப்படியே செய்தாள். முதல் தடவை கோணியது. துடைத்தாள். இரண்டாவது தடவையும் துடைத்தாள். மூன்றாவது நின்றது. பிரேமைத் திருப்பி மறுகண்ணுக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய ஐந்து வருஷமாகப் பார்க்கிற முகம், கொஞ்சம் கொஞ்சமாக அவளுடையதாகிக்கொண்டிருந்தது. நான் கொடுத்தது இல்லை என்பதுதான் அப்போதும் உறுத்தியது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுகூட இருப்பேன், எனக்கும் அழவரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் மறுகண்ணின் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கமுடியாமல் வாயைத் திறந்தேன். இத்தனை நடந்தபிறகும் திறந்தேன்.

"நெஜமாச் சொல்லு. நாடகத்துல அவரு ஒசத்தியா, நான் ஒசத்தியா?"

கோடு கலையாமல் இருக்க, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"நீ மேடைக்கு வந்தாதான் நான் பாப்பாவ ஒண்ணுக்கு இட்டுனு போவேன்."